ஃபின்னி கற்றுக்கொடுத்த வித்தை

நியூ ஆர்லியன்ஸ்
1927 ஏப்ரல் 24

அல்சீட்,

அம்மாவைப் போன செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். தந்தி உன் கைக்கு வந்து சேர்ந்ததென்று தந்தி ஆபீஸில் விசாரித்துவிட்டேன். அதனால் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே.

புனித வெள்ளியன்று கொட்டிய மழை இன்னும் தெருவில் நிற்கிறது. வாத்தியக்காரர்கள் கணுக்கால் தண்ணீரில் நடந்துதான் வாசித்தார்கள். உன் இடத்தில் கார்னெட் ஊத வேறு ஆளைக் கூட்டி வருகிறோம் என்றார்கள். வேண்டாம், அந்த இடத்தைக் காலியாக விட்டு நடங்கள் என்று சொன்னேன். பெற்றவளுக்காக வந்து ஊதாதவனின் இடம் எவ்வளவு அகலம் என்று ஊரே பார்க்கட்டும் என்றுதான்.

பார்த்தார்கள். கல்லறை வாசலில் ஒருத்தி, "உன் தம்பி சிகாகோவுல பெரிய ஆளாயிட்டானாமே, இங்க வந்தா கால் நனஞ்சிருமோ?" என்றாள். அவளை அடிக்காமல் வந்தது அம்மா முன்னால் என்பதால்.

மறுநாளே படக்கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். ஊமைப்படத்தில் ஒருவன் இன்னொருவனைச் சுடும்போது பியானோவில் இடிபோல வாசிக்க வேண்டும். முஷ்டியால் குத்தினேன். ஒரு கட்டை உடைந்து தெறித்தது. கூட்டம் கைதட்டியது.

இனி எழுதாதே.

லியோன்டீன்


சிகாகோ
1927 மே 6

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழிப்பதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

தந்தி கிளப் விலாசத்துக்கு வந்தது. எனக்கு முன்னால் ராட்கி பிரித்துப் படித்துவிட்டான். நான் வாசிக்கும் சில்வர் ஹெரான் கிளப் அவனுடையது. மேலே நடனம், கீழே கள்ளச் சாராயம். அதைப் பிடிக்க வேண்டிய போலீஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து வறுத்த கோழி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். யாரிடம் போய் நிற்பது, சொல்.

ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். "வருத்தமான விஷயம்தான் பையா. ஆனா சனிக்கிழமை யாரு ஊதுறது? செத்தவங்க காத்திருப்பாங்க. என் கூட்டம் காத்திருக்காது" என்றான். கேட்காமலேயே ஸ்டேஷனுக்குப் போனேன். நடைமேடையில் ஃபின்னி நின்றான். ஃபின்னிதான் ராட்கியின் கையாள். அவன் அதட்டுவதில்லை, சிரிப்பான். என் காலரைப் பிடித்துக் கார்வரை இழுத்துக்கொண்டு போனான். வழியில் என் கார்னெட் பெட்டி நழுவியது. "இதக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. உன்னக் கீழ போட்டாலும் பரவால்ல, இதப் போடக்கூடாது" என்றான். அன்று சாயங்காலமே ஊத வைத்தார்கள். மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு அவன் உட்கார்ந்து தாளம் தட்டினான்.

ஓடிவிடலாமே என்பாய். எங்கள் குழுவில் கிளாரினெட் வாசித்த வெண்டெல், குளிர்காலத்தில் டெட்ராய்ட்டுக்குப் போகிறேன் என்றான். அவன் வலது கையைக் கார்க் கதவில் வைத்துச் சாத்தினார்கள். ஒரு தடவையோடு விடவில்லை. இப்போது ஒரு முடிவெட்டும் கடையில் தரை கூட்டுகிறான்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. நியூயார்க்கில், ஹார்லெமில் இருக்கும் ஒரு குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. எங்கள் முரசுக்காரன் எஸ்ரா மூட்டன்தான் பேசி முடித்தான். நம்ம ஊர்ப் பையன், உனக்கு ஞாபகம் இருக்கும். ராட்கியிடம் ஒழுங்காகச் சொல்லிவிட்டே போகலாம் என்றிருக்கிறேன். எத்தனை நாளைக்குத் திருடன் மாதிரி ஒளிவது?

அம்மா முகம் எப்படி இருந்தது?

அல்சீட்


நியூ ஆர்லியன்ஸ்
1927 மே 15

தம்பி,

கிழிக்கவில்லை.

அம்மா முகம் கோபமாக இருந்தது. உன்மேல் இல்லை, மூச்சுமேல். கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

ராட்கியிடம் சொல்லாதே. இந்தக் கடிதத்தில் நீ வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படி: அவனிடம் சொல்லாதே. சொல்லிக்கொண்டு போவதுதான் மரியாதை என்று அம்மா நமக்குச் சொல்லித்தந்தது மனுஷர்களுக்காக. இங்கே போன மாதம் நகரத்துப் பெரிய மனிதர்கள் தங்கள் வீட்டில் தண்ணீர் வராமலிருக்க ஆற்றின் கீழ்க்கரையை வெடி வைத்துப் பிளந்தார்கள். அங்கே குடியிருந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக. வெடித்த சத்தத்தில் நம் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது.

துவைக்கப் போட்ட சட்டையை அப்படியே விடு. வாடகை அறையை அப்படியே விடு. பெட்டியை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போகிறவன் மாதிரி கிளம்பு.

உன் அக்கா
லியோன்டீன்


சிகாகோ
1927 ஜூன் 12

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன்.

ராட்கி நன்றாகத்தான் பேசினான். எந்தக் குழு, எந்தத் தெரு என்றெல்லாம் விசாரித்தான். "சமையல்கட்டுல ஃபின்னி இருக்கான், அவன்கிட்டயும் சொல்லிட்டுப் போயிரு, இல்லன்னா வருத்தப்படுவான்" என்றான். நானும் போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

கறி வெட்டும் மேஜைமேல் மல்லாத்தினார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். ஃபின்னி துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "வாயத் திற, டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி" என்றான். திறக்கவில்லை. உதட்டோடு சேர்த்து அடித்தான். அடிமட்டையின் இரும்பு பல்லில் படும்போது வெளியே சத்தமே கேட்காது அக்கா, மண்டைக்குள்தான் கேட்கும். மேல்வரிசையில் முன்பற்கள் போயின. கீழே ஒன்று பாதியாக நிற்கிறது. மேலுதடு பிளந்து, எஸ்ராவுக்குத் தெரிந்த ஒருவர் தைத்துவிட்டார். கஞ்சி மட்டும் குடிக்கிறேன். சில எழுத்துகள் வாயில் வரவில்லை. உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், பாதி காற்றாகப் போகிறது.

இனி ஊத முடியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வான், விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. எல்லா நடனத்துக்கும் நான் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் என் நாற்காலியில் உட்கார வேண்டும், கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஊத வேறு ஆள் வந்துவிட்டான். நான் சும்மா உட்கார வேண்டும். குழுவில் இருப்பவர்கள் திரும்பும்போதெல்லாம் என் வாயைப் பார்க்க வேண்டும், அதற்காக. கூட்டத்தில் ஒருத்தி, "அந்தப் பையன் எப்பத்தான் வாசிப்பான்?" என்று கேட்டாள். ராட்கி, "அவன் ஓய்வெடுக்குறான்" என்றான்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அல்சீட்


நியூ ஆர்லியன்ஸ்
1927 ஜூன் 20

தம்பி,

இதை எஸ்ரா விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

வருகிறேன். அந்தச் சமையல்கட்டில் கோழி வறுக்க ஒருத்தி வேண்டுமாம், எஸ்ரா கேட்டுச் சொன்னான். என் பெயர் அங்கே கோரா. என்னைப் பார்த்தால் நான் யாரென்று உனக்குத் தெரியாது. நான் அழுதாலும் தெரியாது, என்னை எவனாவது தள்ளினாலும் தெரியாது. உன் முகத்தில் எதையும் மறைக்க வராது, அதனால் தரையைப் பார்த்துக்கொண்டே போ.

பயப்படாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், பயப்படு. கவனமாக இருப்பாய்.

லி.


மான்ட்ரியால், கனடா
1927 செப்டம்பர் 4

தம்பி,

நீ ஹார்லெம் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று ரயில் போர்ட்டர் ஐசாயா சொன்னான். என்னை எல்லை தாண்டிக் கொண்டுவந்து விட்டவன் அவன்தான். தான் வேலை பார்க்கும் ரயில் பெட்டியில் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அலமாரிக்குள் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். இனி நம் கடிதங்களையும் அவன் கையில்தான் கொடுக்க வேண்டும். இங்கே போர்ட்டர்களின் தெருவில் ஒரு விடுதியில் இருக்கிறேன்.

நீ அழுக்கு மேஜைத் துணிகளுக்கடியில் இருந்தாய், உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் எல்லாம் பேசிவைத்தபடிதான் நடந்தது. இடைவேளையில் நீ சமையல்கட்டு வழியாக வந்தாய், பின்வாசலில் நின்ற வெளுப்பு வண்டிக்குள் ஏறினாய், நான் மூட்டைகளை உன்மேல் போட்டேன். வண்டிக்காரன் சீட்டு வாங்க உள்ளே போயிருந்தான். அவன் திரும்பி வந்ததும் வண்டி கிளம்பிவிடும். மேலே எஸ்ரா இடைவேளையைச் சீக்கிரம் முடித்து முரசைத் தொடங்கிவிட்டான், எல்லோரும் அவனையே பார்க்கட்டும் என்று.

ஃபின்னி மட்டும் நாற்காலியைப் பார்த்திருக்கிறான்.

உள்ளே வந்தான். "எங்க போனான் அந்த ஓட்டவாயன்?" என்றான், சிரித்துக்கொண்டே. தெரியாது ஐயா என்றேன். என்னைப் பார்த்தான். இரண்டு மாதமாகப் பார்க்கிறவன், அன்றுதான் சரியாகப் பார்த்தான். "உனக்கும் அவனுக்கும் ஒரே கண்ணு" என்றான். பின்வாசல் கதவில் கைவைத்தான்.

அடுப்பில் கோழி வறுக்கும் பன்றிக்கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்துத் தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன். அவன் கத்தினான். மனுஷக் குரலாகவே இல்லை. தரையில் விழுந்து, முகத்தைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கைகளை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு உருண்டான். மேலே கூடத்தில் கேட்டிருக்கும். உடனே எஸ்ராவின் அடி மாறியது. மொத்தக் குழுவையும் இழுத்துக்கொண்டு, கூரை பிய்ந்துபோகிற மாதிரி அடித்தான். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். இவனுடைய கத்தல் அதில் கரைந்தது. அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதே இல்லை, இனியும் கேட்க வேண்டாம்.

வண்டிக்காரன் சீட்டோடு வந்தான், எதையும் பார்க்காத மாதிரி வண்டியை ஓட்டினான். நான் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு நடந்தே போனேன்.

என் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எஸ்ரா திங்கட்கிழமை கிளம்பி உன்னிடம் வருவதாகச் சொன்னான். வந்துவிட்டானா?

லியோன்டீன்


நியூயார்க்
1927 அக்டோபர் 9

அக்கா,

எஸ்ரா வரவில்லை. அவனைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள். கைகள் பின்னால் கட்டியிருந்தன. கட்டியது அவனுடைய முரசைத் தோளில் மாட்டும் வார். விரல் ஒவ்வொன்றையும் ஒடித்த பிறகுதான் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். ஐசாயாவுக்குத் தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை, என்னைச் சொல்லச் சொன்னான்.

ஒரு மாதமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்காமல் வேறெதையும் எழுத வரவில்லை. நீ அந்தக் கொழுப்பை ஊற்றாமலிருந்தால் எஸ்ரா இன்று இருந்திருப்பான் இல்லையா? என்னைப் பிடித்திருப்பார்கள். இன்னொரு தடவை அடித்திருப்பார்கள். எனக்கு அடி புதிதில்லை. கைக்கெட்டியதையெல்லாம் தூக்கி எறிகிறவள் நீ. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எறிந்த பிறகு யார்மேல் விழுகிறது என்று பார்க்கமாட்டாய்.

குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. வாயைப் பார்த்ததும் தலைவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறேன்.

அல்சீட்


மான்ட்ரியால்
1927 நவம்பர் 2

தம்பி,

நீ கேட்டது சரி. பதில் சொல்கிறேன்.

அவன் கதவைத் திறந்தால் கைநீட்டும் தூரத்தில் நீ. இந்தத் தடவை பல்லோடு விட்டிருக்கமாட்டான். இதை ஒவ்வொரு நாளும் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் சட்டியைத் தூக்குகிறேன். ஒரு நாளாவது தூக்காமலிருப்பேனா என்று பார்க்கிறேன், இல்லை.

எஸ்ராவைக் கொன்றது ராட்கி. இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு. நம்மை ஒருவர்மேல் ஒருவர் பாயவிட்டுவிட்டு அவன் கோழி தின்றுகொண்டிருக்கிறான். என்மேல் போட்டால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்றால் போடு, சுமக்கிறேன். ஆனால் பொய் என்று தெரிந்துகொண்டு போடு.

ஃபின்னி சாகவில்லை. இரண்டு கண்ணும் போய்விட்டதாம். நான் யார் என்று கண்டுபிடித்து ஊருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நம் வீடு எரிந்துவிட்டது. அம்மாவின் அலமாரி, அப்பாவின் படம், என் பியானோ எல்லாம் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் அணைக்க வந்தபோது துப்பாக்கியைக் காட்டித் தள்ளி நிறுத்தினார்களாம், கடைசி மரச்சட்டம் எரிந்து விழும்வரை. நானும் நீயும் இனி அங்கே போக முடியாது.

இங்கே ஒரு நடன விடுதியில் பியானோ வாசிக்கிறேன். குளிரில் விரல் வளையமாட்டேன் என்கிறது.

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

லியோன்டீன்


நியூயார்க்
1928 ஏப்ரல் 22

அக்கா,

குளிர்காலம் முழுவதும் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. நீ எழுதியதைச் சுவரில் ஒட்டினேன், அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

இப்போது சொல்வதை நம்புவாயா தெரியவில்லை. மீன் சந்தை மாடியில் யாருமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்னெட்டை எடுத்து, வாயின் இடது ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே கடைவாய்ப் பல் தாங்குகிறது. முதலில் வெறும் காற்றும் ரத்தமும்தான் வந்தன. தைத்த தழும்பு பிளந்தது, காயட்டும் என்று விட்டேன், மறுபடி வைத்தேன். ஜனவரி மாதத்தில் ஒரு ஸ்வரம் நின்றது. மேல்ஸ்வரங்கள் போயே போய்விட்டன. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் ஒரு காற்று வருகிறது, ஹ் என்று, யாரோ அடிவயிற்றில் குத்து வாங்குவது மாதிரி. அதைத் தடுக்க முடியவில்லை. தடுக்க முடியாததால் அதையும் பாட்டுக்குள் வைத்துவிட்டேன்.

அந்தத் தலைவரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை வாயைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேளுங்கள் என்றேன். கேட்டார். இசைத்தட்டுப் பதிவுக்குக் கூட்டிப்போனார். என் முறை வந்ததும் எஸ்ராவை நினைத்துக்கொண்டு ஊதினேன். பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரர், "காத்து கேக்குதே, மறுபடி எடுக்கலாமா?" என்றார். தலைவர், "அந்தக் காத்துக்குத்தான் இவனக் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

தட்டு வந்ததிலிருந்து ஹார்லெமில் கார்னெட்காரர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நல்ல பல்வரிசை உள்ளவர்கள். போன வாரம் ஒருவன், "எப்படிண்ணே அந்த ஹ்ஹ்-அ கொண்டுவர்றீங்க, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான். "சிகாகோவுல மிஸ்டர் ஃபின்னின்னு ஒருத்தர்கிட்ட. இப்ப அவரு யாருக்கும் சொல்லிக் குடுக்குறதில்ல" என்றேன். அவன் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு போனான். அவன் போனபிறகு சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. பிறகு வாந்தி எடுத்தேன்.

ஐசாயாவிடம் தட்டு ஒன்று கொடுத்தனுப்புகிறேன். கேட்டால் எழுது. அக்டோபரில் நான் எழுதியதை மன்னித்துவிடு.

அல்சீட்


மான்ட்ரியால்
1928 ஜூன் 3

தம்பி,

தட்டு வந்தது. விடுதியில் எல்லோரும் கூடிக் கேட்டார்கள். நான் நீ ஊதத் தொடங்கிய இடம்வரைதான் கேட்டேன். முதல் காற்று வந்ததும் அந்தக் கறி வெட்டும் மேஜைதான் தெரிந்தது. அதைத் தினமும் உப்புப் போட்டுத் தேய்த்தவள் நான். இரண்டு மாதம் தேய்த்தேன், உன் ரத்தம் எந்தப் பலகையில் இறங்கியது என்று தெரியாமல். தட்டை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் அடித்து உடைத்தேன். எல்லோரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள்.

ஆனால் உடைத்து என்ன பயன். நாங்கள் வாசிக்கும் விடுதியில் லயனல் என்றொரு கார்னெட்காரன் இருக்கிறான். கல்யாணமானவன், அமைதியான ஆள். அவன் எங்கேயோ கடையில் அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறான். போன சனிக்கிழமை ஒத்திகையில் எழுந்து நின்று உன்னைப்போல் ஊதினான். அந்தக் காற்று, அந்தத் திணறல், எல்லாம். முப்பத்திரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு.

எழுந்துபோய் அறைந்துவிட்டேன். கார்னெட் உதட்டில் இருந்தது. வாய்முனைப் பித்தளை உள்ளே போய் உதடு கிழிந்தது.

அவன் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன தப்பு பண்ணிட்டேன் லியோன்டீன்? இதவிட அழகா ஒண்ண நான் கேட்டதே இல்ல. அதான் ஊதிப் பாத்தேன்" என்றான். நீ யார் என்று அவனுக்குத் தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. கைக்கெட்டியதை எறிகிறவள் என்று எழுதினாயே, அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

உட்கார்ந்தேன். "முதல்லேருந்து வாசி" என்றேன். மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தேன், இதுதான் வந்தது.

கிழிந்த உதட்டோடு அவன் ஊதினான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவன் ஊதியது வெறும் போலி. வீங்கிய உதட்டில் காற்று நிற்காமல், வலியில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தேடித் தேடிப் பிடித்து, இப்போதுதான் அச்சு அசலாக நீயே ஊதினாய்.

நான் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தேன், தம்பி. நிறுத்தவில்லை.

உன் அக்கா
லியோன்டீன்